ஹோம் தியேட்டர் அறை: பூச்சு வேலைக்கு முன் கேட்க வேண்டியவை

வீட்டிலேயே தியேட்டர் அறை அமைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை. பாதிப் பேர் இன்னும் வீடு கட்டி முடிக்கவில்லை. அதனால் கருவிகளைவிட பைப், வயர் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ஏவிஆரை (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ரிசீவரை) ஐந்து வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். பூசிய சுவரை உடைக்க யாருக்கும் மனசு வராது.

கேள்வி (மதுரை): சார், மாடியில் 12க்கு 16 அடி அறை. அடுத்த வாரம் பூச்சு வேலை. ப்ரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் போகும் கேபிள்) கொண்டுபோக முக்கால் இஞ்ச் பைப் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போதுமா?

பதில்: போதாது. எச்டிஎம்ஐ பிளக்கின் தலை மட்டுமே ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். முக்கால் இஞ்ச் பைப்பில் அது நுழையவே நுழையாது. ஒரு இஞ்ச் பைப்பில் நுழைந்தாலும் வளைவில் சிக்கிக்கொள்ளும். இரண்டு இஞ்ச் பைப் போடச் சொல்லுங்கள். திருப்பங்களில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம், நீளமாக வளையும் லாங் பெண்ட் போடட்டும். நாலரை இஞ்ச் சுவராக இருந்தால் அவ்வளவு ஆழம் வெட்டக் கூடாது, ஃபால்ஸ் சீலிங் வழியாகக் கொண்டுபோங்கள். பைப்புக்குள் ஒரு நைலான் கயிறு எப்போதும் கிடக்கட்டும். கேபிள் இழுக்கும்போது அதோடு இன்னொரு கயிற்றையும் கட்டி இழுத்துவிட்டால் அடுத்த முறைக்கு உதவும்.

ஏவிஆர் வைக்கும் ரேக்கிலிருந்து மேலே ஏறி சீலிங்கைக் கடந்தால் எப்படியும் 10 மீட்டர் ஆகிவிடும். அந்தத் தூரத்துக்குச் சாதாரண காப்பர் கேபிளில் 4கே படம் விட்டுவிட்டு வரும். ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ (உள்ளே ஃபைபர் இழை உள்ளது) வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: எந்த முனை ஏவிஆருக்கு, எந்த முனை ப்ரொஜெக்டருக்கு என்று அதிலேயே போட்டிருக்கும். பைப்பில் இழுப்பதற்கு முன் தரையிலேயே விரித்து மாட்டிப் படம் ஓட்டிப் பாருங்கள். அதே பைப்பில் இரண்டு கேட்6 கேபிளும் (நெட்வொர்க் கேபிள்) போகட்டும். கரண்ட் வயருக்கு மட்டும் தனி பைப், குறைந்தது ஒரு அடி தள்ளி.

உங்கள் அறைக்கு மூலைக்கு மூலை 100 இஞ்ச் திரை சரியாக இருக்கும். அகலம் சுமார் ஏழே கால் அடி வரும். த்ரோ ரேஷியோ (திரைக்குள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 உள்ள ப்ரொஜெக்டரை லென்ஸிலிருந்து திரைக்கு 11 அடி தள்ளி மாட்ட வேண்டும். சோபாவைப் பத்தரை அடியில் போடுங்கள். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) வீங்கிப்போய்க் கேட்கும்.

கேள்வி (திருச்சி): அண்ணா, வருகிற வாரம் மேல்தளம் கான்கிரீட். டால்பி அட்மாஸுக்காகத் தலைக்கு மேலே வைக்கும் ஸ்பீக்கருக்கு எங்கே பாக்ஸ் வைக்கச் சொல்லட்டும்?

பதில்: நல்ல வேளை, இப்போதே கேட்டீர்கள். தளம் போட்ட பிறகு வெட்டினால் கம்பியில் போய் இடிக்கும். 10 அடி உயரத் தளம், உட்கார்ந்தால் காது மூன்றரை அடியில் என்றால், இடைவெளி ஆறரை அடி. காதிலிருந்து 45 டிகிரி ஏற்றம் வேண்டும். அதனால் சோபாவுக்கு முன்னால் ஆறரை அடியில் இரண்டு, பின்னால் ஆறரை அடியில் இரண்டு. பின்னால் அவ்வளவு இடம் இல்லையா? ஐந்தடி வரை குறைத்தாலும் டால்பி சொல்லும் எல்லைக்குள்தான் வரும். ஃபால்ஸ் சீலிங் உறுதி என்றால் ஸ்பீக்கரை அதிலேயே வைத்துவிடலாம், தளத்தில் எதுவுமே வேண்டாம்.

கேள்வி (சேலம்): ஸ்பீக்கருக்கு எந்த வயர்?

பதில்: 8 ஓம் ஸ்பீக்கர், 12 மீட்டருக்குள் என்றால் 16 கேஜ் தாராளம். அதைத் தாண்டினால் 14 கேஜ் (எண் குறைந்தால் வயர் தடிமன்). கேஜைவிட முக்கியம், உள்ளே இருப்பது முழுச் செம்புதானா என்பது. ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்; சுவருக்குள் போட வேண்டாம்.

கேள்வி (கோவை): சப்வூஃபரில் (பேஸ் ஸ்பீக்கர்) ஓயாமல் ‘ஊம்ம்’ என்று சத்தம். வேறு சப்வூஃபர் மாற்றிக்கூடப் பார்த்துவிட்டேன், நிற்கவில்லை.

பதில்: சப்வூஃபர் மேல் தப்பிருக்காது. செட் டாப் பாக்ஸில் வருகிற கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், அந்த வயரின் உறை வழியாக வேறொரு எர்த் உங்கள் சிஸ்டத்துக்குள் வந்து வளையம் போடுகிறது என்று அர்த்தம். அந்த வயரில் ஒரு ஐசொலேட்டர் (அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி) மாட்டினால் தீர்ந்துவிடும். ஏவிஆர், சப்வூஃபர், டிவி எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். சிலர் பிளக்கின் எர்த் பின்னையே வெட்டிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி (நாகர்கோவில்): சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். சத்தத்தை உறிஞ்சாது, தீ பிடித்தால் குபீரென்று பரவும். 2 இஞ்ச் ராக்வூலை (கல்லிலிருந்து செய்த பஞ்சுப் பலகை) துணி சுற்றி ஃபிரேமில் மாட்டுங்கள். எங்கே மாட்டுவது? நீங்கள் சோபாவில் உட்காருங்கள், இன்னொருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்தட்டும். முன் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிற இடம்தான் அது.

கேள்வி (தஞ்சாவூர்): மாமா அமெரிக்காவிலிருந்து ஏவிஆர் கொண்டுவருகிறார். அப்படியே மாட்டலாமா?

பதில்: அப்படியே மாட்டினால் புகைந்துவிடும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கம் என்ன வோல்ட் அச்சடித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும்தான் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் கனத்தையும் சூட்டையும் நினைத்தால், இங்கேயே வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.