பாவசங்கீர்த்தனத்தை வைத்துச் சிரிக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பங்குத் திருவிழாவில் இளைஞர்கள், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். முதல் காட்சியில் சாமியார் தூங்கி வழிய, ஒரு பாட்டி தன் பாவங்களை விட்டுவிட்டு மருமகளின் பாவங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். அடுத்த காட்சியில் சாமியார், தான் கேட்ட பாவத்தை மைக்கில் ஊருக்கே அறிவித்துவிட்டு, பாவமன்னிப்புச் செபத்தைச் சினிமா மெட்டில் பாடுகிறார். பெரியவர்கள் சிலர் எழுந்து போய்விட்டார்கள். இது தேவநிந்தனை, ஞாயிறு பூசையில் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார்கள். புனிதமானவற்றை வைத்துச் சிரிக்கவே கூடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கவே கூடாது என்பது திருச்சபையின் போதனை அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2148ஆம் எண்ணில், கடவுளுக்கு எதிராக வெறுப்போடும் பழிப்போடும் மனத்தாலோ வாயாலோ பேசுவதைத் தேவநிந்தனை என்கிறது; திருச்சபைக்கும் புனிதர்களுக்கும் புனிதப் பொருட்களுக்கும் எதிரான பேச்சும் அந்தத் தடைக்குள் வருகிறது. உங்கள் இளைஞர்களிடம் அப்படியொரு வெறுப்பு இருந்ததற்கு உங்கள் கடிதத்தில் எந்தச் சான்றும் இல்லை என்பதால், அவ்வளவு பெரிய பழியை அவர்கள் மேல் சுமத்துவது அநியாயம் என்றே கருதுகிறேன். ஆனால் அதே நூலின் 2120ஆம் எண், பாவசங்கீர்த்தனம் போன்ற அருட்சாதனங்களைத் தகாத முறையில் நடத்துவதைப் பாவம் என்கிறது. நாம் யோசிக்க வேண்டிய இடம் அது.

இந்தக் கேள்வியை மிகப் பொறுமையாக ஆராய்ந்தவர் 13ஆம் நூற்றாண்டின் புனித தாமஸ் அக்குவினாஸ். விளையாட்டிலும் வேடிக்கைப் பேச்சிலும் அளவறிந்து நடப்பதை அவர் ஒரு நற்பண்பாகவே வைக்கிறார். தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுப்பவனிடம் குறை இருக்கிறது என்று தனியாக ஒரு பகுதியே எழுதுகிறார். வேடிக்கை ஆபாசமாகவோ பிறருக்குத் தீங்காகவோ இருக்கக் கூடாது, மனம் நிதானத்தை முற்றிலும் இழந்துவிடக் கூடாது, ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்பவை அவர் வைக்கும் நிபந்தனைகள். வேடிக்கையை அறவே விலக்கச் சொன்ன பழங்கால ஆயர் புனித அம்புரோசை அவர் மறுக்காமல், அந்த விலக்கு மனிதர்களின் பேச்சு முழுவதற்கும் உரியதன்று, புனிதப் போதனைக்கே உரியது என்று விளக்குகிறார்.

புனிதர்களின் சிரிப்பைப் பார்த்தாலும் இது விளங்கும். 258ஆம் ஆண்டில் ரோமாபுரியில் கொல்லப்பட்ட புனித லாரன்ஸ், இரும்புக் கட்டிலில் நெருப்பின் மேல் கிடந்தபடி, "இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்றதாக மரபு சொல்கிறது. 1535 ஜூலை 6 அன்று லண்டனில் ஆட்டம் கண்டிருந்த கொலைமேடையில் ஏறிய புனித தாமஸ் மோர், ஏறுவதற்கு மட்டும் கைகொடுங்கள், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். இருவரும் தங்கள் உடலையும் சாவையும் கேலி செய்தார்கள்; எந்த விசுவாசத்துக்காகச் செத்தார்களோ அதைக் கேலி செய்யவில்லை. ரோமாபுரியின் பாலத்தீன் குன்றில் கிடைத்த பழங்காலச் சுவர்க் கிறுக்கல் வேறு வகை. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், அதன் முன் கை உயர்த்தி நிற்கும் ஒருவன், "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்ற எழுத்து. அங்கே ஒரு சாமானியனின் விசுவாசமே சிரிப்புப் பொருளாகிவிட்டது.

2024 ஜூன் 14 அன்று வத்திக்கானில் நகைச்சுவைக் கலைஞர்களைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், கடவுளைப் பற்றியும் சிரிக்கலாம், நாம் நேசிப்பவர்களோடு விளையாடுவது போலத்தான் அது என்றார். அதோடு, விசுவாசிகளின், குறிப்பாக ஏழைகளின், சமய உணர்வைப் புண்படுத்தாமல் அதைச் செய்ய முடியும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆகவே உங்கள் நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. தூங்கும் சாமியாரும் மருமகளின் பாவத்தைச் சொல்லும் பாட்டியும் நம்முடைய பலவீனங்கள். அவற்றைப் பார்த்து நாம் சிரிப்பது நல்லதே. இரண்டாவது காட்சியை நான் ஏற்க மாட்டேன். பாவமன்னிப்புச் செபம் அருட்சாதனத்தின் இதயமான வார்த்தை. அதைச் சினிமா மெட்டில் பாடியது தகாது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது மைக். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் எந்தக் காரணத்துக்காகவும் மீறக்கூடாதது. நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை விலக்குக்கு ஆளாகிறார். அந்த உறுதியை நம்பித்தான் பல ஆண்டுகளாக மனத்தில் புழுங்கும் ஒருவர் ஒருநாள் வந்து முழந்தாளிடுகிறார். அப்படி வரத் தயங்கிக்கொண்டிருந்த யாரேனும் அன்று கூட்டத்தில் இருந்திருந்தால், அவர் இன்னும் தள்ளிப்போட்டிருப்பார்.

பூசையில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பது வேண்டாம். அவமானப்பட்ட இளைஞர்கள் அடுத்த ஆண்டு மேடைக்கும் வர மாட்டார்கள், கோவிலுக்கும் வர மாட்டார்கள். பங்குத்தந்தை அவர்களோடு உட்கார்ந்து இரண்டாவது காட்சி ஏன் தவறு என்று விளக்கட்டும். எழுந்துபோன பெரியவர்களை இளைஞர்களே வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பேசட்டும்.