வாசகர் கேள்வி - பதில்: மூன்று நாள் விடுமுறையும் இங்கிலாந்தின் கிராமப்புறமும்

கேள்வி: கணிப்பொறித் துறைப் பணிக்காகக் குடும்பத்துடன் ரெடிங் நகரில் குடியேறியிருக்கிறோம். ஆகஸ்ட் கடைசித் திங்களன்று வரும் பேங்க் ஹாலிடே என்னும் பொது விடுமுறையுடன் சேர்த்துக் கிடைக்கும் மூன்று நாட்களில் லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்சயர், கார்ன்வால் மூன்றையும் காரிலேயே பார்த்துவிட எண்ணுகிறோம். இது சரியான திட்டம்தானா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். லேக் டிஸ்ட்ரிக்ட் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலும் கார்ன்வால் தென்மேற்கு முனையிலும் இருக்கின்றன. விடுமுறை நெரிசலில் இவற்றுக்கிடையே ஓடினால், பிள்ளைகள் மோட்டார்வேயைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் ஊருக்கு வடமேற்கே, எளிதில் சென்று சேரும் தொலைவில் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதி இருக்கிறது. சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஒரு வட்டாரத்துக்கே மூன்று நாட்கள் போதாது. நார்த்லீச் போன்ற ஒரு சிற்றூரில் இரண்டு இரவுகளும் தங்கி, அங்கிருந்தே சுற்றிவாருங்கள். பைபரிக்கும் போர்ட்டன்-ஆன்-த-வாட்டருக்கும் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. பொழுது ஏறிவிட்டால் காரை நிறுத்த இடம் கிடைப்பது அரிது.

கேள்வி: அந்த வட்டாரத்து வீடுகள் எல்லாம் ஒரே தேன் நிறத்தில், நூற்றாண்டுகள் கடந்தும் உருமாறாமல் இருப்பது எப்படி?

பதில்: ஜுராசிக் காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லால் ஆனவை அந்தக் குன்றுகள். வீடு, தேவாலயம், கூரை ஓடு, வயலோரத்தில் சாந்தில்லாமல் அடுக்கிய சுவர் என எல்லாவற்றுக்கும் அந்தக் கல்லையே எடுத்தார்கள். கட்டுவதற்கான பணம் ஆட்டு ரோமத்திலிருந்து வந்தது. இடைக்காலத்தில் இங்கிருந்து ஃபிளாண்டர்ஸுக்கும் (இன்றைய பெல்ஜியப் பகுதி) இத்தாலிக்கும் சென்ற ரோமம் வணிகர்களைப் பெருஞ்செல்வர்களாக்கியது; 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் எடுத்துக் கட்டிய நார்த்லீச் தேவாலயத்தில், காலடியில் ஆட்டையும் ரோம மூட்டையையும் வைத்தபடி அவர்கள் நிற்கும் பித்தளைக் கல்லறைத் தகடுகளை இன்றும் காணலாம். அவசியம் பார்க்க வேண்டியவை அவை என்பது என் கருத்து. பிற்காலத்தில் நெசவு, நிலக்கரியும் நீராவியும் இருந்த வடக்குப் பகுதி ஆலைகளுக்குப் போய்விட்டது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட இவ்வூர்களில் பணம் இல்லாமல் போனதால்தான் அவை பெரும்பாலும் அப்படியே நின்றன. பைபரியின் ஆர்லிங்டன் ரோ என்னும் வீட்டு வரிசை, 14ஆம் நூற்றாண்டில் ரோமக் கிடங்காக எழுந்து, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியது. அவ்வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதால், சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா? கிராமச் சாலைகளில் ஓட்டுவது கடினமா?

பதில்: குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை போதும். நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் இருபுறமும் வேலிப்புதர் உயர்ந்த, ஒரே ஒரு கார் மட்டும் செல்லக்கூடிய சந்துச் சாலைகள் பழக்கத்தைக் கேட்கும். அங்கே சட்டம் மணிக்கு 60 மைல் வரை அனுமதித்தாலும், வளைவுக்கு அப்பால் டிராக்டரோ ஆடுகளோ வரலாம் என்று எண்ணியே ஓட்டுங்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் செல்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே நின்று வழிவிடுங்கள். குதிரையில் செல்வோரை மணிக்கு 10 மைலுக்கு மிகாத வேகத்தில், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும்.

கேள்வி: அப்பகுதியில் இந்தியாவோடு தொடர்புடைய இடம் ஏதேனும் உண்டா?

பதில்: மோர்ட்டன்-இன்-மார்ஷ் அருகே செசின்கோட் மாளிகை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றித் திரும்பிய சார்லஸ் காக்கரெலுக்காக, அவருடைய சகோதரர் சாமுவேல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயக் கட்டடக்கலைச் சாயலில், செப்புக் குவிமாடத்துடன் எழுப்பியது அது. தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு சிறு கோயிலும், பாலத்தின் மேல் நந்திகளும் உள்ளன. அந்த அழகைக் காட்டும்போது, இத்தகைய மாளிகைகளுக்கான செல்வம் எந்த நாட்டிலிருந்து போனது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அருகிலுள்ள டேல்ஸ்ஃபோர்ட் தேவாலய வளாகத்தில், சென்னை ஆட்சிக் குழுவில் இருந்து பின்னர் வங்காளத்தின் தலைமை ஆளுநரான வாரன் ஹேஸ்டிங்ஸின் கல்லறை இருக்கிறது. செசின்கோட் எல்லா நாட்களிலும் திறந்திருப்பதில்லை. புறப்படுமுன் நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.