ரைட்டிங்ல 6 வாங்கிட்டு கம்யூனிகேஷன் படிக்க வரலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். பாண்டில பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிட்ட, கனடால டொரான்டோ பக்கம் ஒரு காலேஜ்ல ஒரு வருஷ கம்யூனிகேஷன்ஸ் சர்டிஃபிகேட்டுக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு, ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட்ல மொத்தம் 7 ஆனா ரைட்டிங்ல மட்டும் 6, எழுதுறதே பொழப்பா இருக்கப்போற வேலைக்கு இந்த மார்க்க வச்சிக்கிட்டு வரலாமா, அங்கயே பொறந்து வளர்ந்த பசங்க கூட உக்காந்து எழுத முடியுமா, இதான கேட்ட. நான் இப்ப லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன், கடலூர் மஞ்சக்குப்பத்துல அம்மா வீட்டு வாசப்படில உக்காந்து போன்ல டைப் பண்றேன், அங்கங்க முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்க.

எழுத்துக்கு சம்பந்தமில்லாத ஒரு விஷயத்த மொதல்ல சொல்லிடறேன், இத சொல்லாம மத்ததெல்லாம் சொன்னா எனக்கே மனசு ஆறாது. 2024 நவம்பர் 1ல இருந்து ஸ்டடி பர்மிட்டுக்கு அப்ளை பண்றவங்களுக்கு ரூல் மாறிடுச்சு. காலேஜ்ல டிப்ளமோ, சர்டிஃபிகேட் மாதிரி படிச்சிட்டு அதுக்கப்புறம் வேலை பர்மிட் வாங்கணும்னா அந்தப் படிப்பு கவர்மென்ட் போட்டிருக்கற லிஸ்ட்ல இருக்கணும். அந்த லிஸ்ட் ஹெல்த், எஜுகேஷன், சயின்ஸ் டெக்னாலஜி, ட்ரேட்ஸ், விவசாயம், ட்ரான்ஸ்போர்ட்னுதான் போகுது. காலேஜுக்கு மெயில் போட்டு உன் கோர்ஸோட சிஐபி கோட், அதாவது அது எந்த வகைப் படிப்புன்னு காட்டற நம்பர், என்னன்னு கேளு, வந்த நம்பர இமிக்ரேஷன் வெப்சைட்ல நீயே தேடிப் பாரு, ஏஜென்ட் வாயால சொல்றத வச்சு ஃபீஸ் கட்டாத. யுனிவர்சிட்டில டிகிரியாவோ மாஸ்டர்ஸாவோ படிச்சா இந்த லிஸ்ட் பிரச்சனை கிடையாது, ஆனா செலவு கூட ஆகும், அப்பா கிட்ட பேசிட்டு முடிவெடு. நான் வந்தப்ப இதெல்லாம் இல்ல, அதனால என் கதைய கேட்டுட்டு அதே ரூட்ல வந்துடாத.

என் கதைன்னா, நான் தேவனாம்பட்டினம் பெரியார் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.ஏ. இங்கிலீஷ். ஃபைனல் இயர் படிக்கும்போதுதான் தானே புயல் அடிச்சது, 2011 டிசம்பர் 30. அடுத்த செப்டம்பர்ல கனடா. இங்க இருந்தவரைக்கும் வகுப்புலயே நல்லா இங்கிலீஷ் எழுதற பொண்ணுன்னு பேரு எனக்கு, பெரிய பெரிய வார்த்தையா போடுவேன், ஒரு வாக்கியம் அஞ்சு வரி போகும், அதான் நல்ல எழுத்துன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.

அங்க ரெண்டாவது வாரத்துல ஒரு அசைன்மென்ட். ஒரு அபார்ட்மென்ட்ல வியாழக்கிழமை காலைல 9ல இருந்து மதியம் 2 வரைக்கும் தண்ணி வராது, குடியிருக்கறவங்களுக்கு நோட்டீஸ் எழுதணும், அவ்ளோதான். நான் ஒரு பக்கம் எழுதினேன். தாங்கள் நலமா இருப்பீர்கள்னு நம்புகிறோம், தவிர்க்க முடியாத காரணங்களால், தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம், எல்லாத்தையும் நல்ல இங்கிலீஷ்ல. ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் கிடையாது. டீச்சரம்மா அத படிச்சிட்டு என் பக்கத்துல வந்து ஒரு சேர இழுத்துப் போட்டு உக்காந்து, "பக்கெட்ல தண்ணி புடிச்சு வைக்கணும்னு எனக்கு எத்தனாவது வரில தெரியும்?"னு கேட்டாங்க. கோவமெல்லாம் இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கற மாதிரி கேட்டாங்க. நான் பென்சில வச்சு எண்ணினேன். பதினோராவது வரி.

அன்னைக்கு ராத்திரி பேஸ்மென்ட் ரூம்ல படுத்துக்கிட்டு யோசிக்கறேன், எனக்கு ஞாபகம் வந்தது எங்க தெருவுல வர்ற மைக் செட் ஆட்டோ. அப்ப கடலூர் முனிசிபாலிட்டிதான், 2021லதான் மாநகராட்சி ஆச்சு. அந்த ஆட்டோல என்ன சொல்லுவாங்க? "நாளைக்கு தண்ணி வராது, இன்னைக்கே புடிச்சு வச்சிக்குங்க." அவ்ளோதான், அம்மா அடுப்ப சிம்ல வச்சிட்டு கொடத்த தூக்கிட்டு ஓடும். ஒரே வரில என்ன நடக்கப்போகுது, நீ என்ன செய்யணும், எப்ப செய்யணும், மூணும் இருக்கு. மூணு வருஷம் இங்கிலீஷ் படிச்ச நான் அத எழுதல.

இன்னொன்னும் அப்பதான் புரிஞ்சுது. எங்க ஆயா முதியோர் உதவித்தொகைக்கு மனு குடுக்க ஒரு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போனப்ப நானும் கூடப் போனேன், பத்தாவது படிச்சிட்டு இருந்தேன். வாசல்ல மனு எழுதித் தர்ற ஒரு பெரியவர், அட்டைல கிளிப் போட்டு பேப்பர் வச்சிருந்தாரு. ஆயா தாத்தா செத்ததுல இருந்து ஆரம்பிச்சிது. அவரு கைய காட்டி நிறுத்தி, "கதைய அப்புறம் கேக்கறேன் தாயி, என்ன வேணும், அத சொல்லு"ன்னாரு. கேட்டுட்டு மொதல்ல எழுதினது 'பொருள்: முதியோர் உதவித்தொகை கோருதல் தொடர்பாக'. அதுக்குக் கீழ வயசு, ரேஷன் கார்டு, ஆதரவு யாரும் இல்லன்னு நாலு வரி. தாத்தா கதை ஒரு வரியா சுருங்கிப்போச்சு, ஆயாவுக்கு அதுல வருத்தந்தான், ஆனா உள்ள உக்காந்திருக்கற ஆபீசருக்கு அந்த ஒரு நாள்ல எத்தன மனு வரும்னு அவருக்குத் தெரியும். ப்ரொஃபஷனல் ரைட்டிங்னு டாலர் கட்டி நான் படிச்சதோட உசுரு இதுதான் தங்கச்சி, யாரு படிப்பாங்க, அவங்க கைல எவ்ளோ நேரம் இருக்கு, படிச்சிட்டு என்ன செய்யணும். இது உனக்கு ஏற்கனவே தெரியும், நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், இங்கிலீஷ்னு வந்தா மட்டும் அத மறந்துட்டு பாடப் புத்தகம் மாதிரி எழுத ஆரம்பிச்சிடறோம்.

அதனால அந்த 6க்கு பயப்படாத. அங்க பொறந்த பசங்க பேப்பரும் செவப்பு மையாதான் திரும்பி வரும். அவங்க பேசற மாதிரி எழுதிட்டு மாட்டுவாங்க, நாம கடுதாசி மாதிரி எழுதிட்டு மாட்டுவோம். ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் திருத்தற பியர் ரிவ்யூ வாராவாரம் இருக்கும், மொத மாசம் நான் அடுத்தவங்க பேப்பர்ல கை வைக்கவே கூச்சப்பட்டு எல்லாத்துக்கும் குட் போட்டுக் குடுத்துட்டு இருந்தேன், அது உதவியே இல்லன்னு கூட படிச்ச பொண்ணு நேராவே சொல்லிட்டா. அதுக்கப்புறம் எந்த எடத்துல எனக்குப் புரியாம நின்னேனோ அங்க ஒரு கோடு போட்டு 'இங்க நின்னுட்டேன்'னு எழுத ஆரம்பிச்சேன். நல்ல எடிட்டர் செய்யற வேலையும் அதான்.

நீ தட்டுத் தடுமாறப்போற எடம் எதுன்னா, நம்ம ஆபீஸ் இங்கிலீஷ். 'டூ த நீட்ஃபுல்', 'கைண்ட்லி ரிவர்ட்', 'ப்ரிப்போன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' இதெல்லாம் அங்க புரியாது. 'காலேஜ் பாஸ் அவுட் ஆனேன்'னு ரெஸ்யூமேல போட்டிருந்தேன், படிச்சவங்க நான் காலேஜ்ல மயக்கம் போட்டு விழுந்துட்டேன்னு நெனச்சாங்க. ஸ்பெல்லிங்கும் தனி. கலர்ல பிரிட்டிஷ்காரங்க மாதிரி யூ வேணும், ஆர்கனைஸ்ல அமெரிக்காகாரங்க மாதிரி இசட் வேணும். மீடியா பக்கம் போறவங்க கனடியன் ப்ரெஸ் ஸ்டைல்னு ஒரு எழுத்து விதிப் புத்தகத்த கரைச்சுக் குடிக்கணும், அசைன்மென்ட்டுக்கு ஏபிஏங்கற முறைல, எத எங்க இருந்து எடுத்தோம்னு, மேற்கோள் காட்டணும்.

இந்த மேற்கோள் விஷயத்துல நான் ஒரு அடி வாங்கினேன். ஒரு ரிப்போர்ட்ல யாரோ எழுதின ரெண்டு வாக்கியத்த கொஞ்சம் மாத்திப் போட்டுட்டேன், நம்ம ஊர்ல நோட்ஸ் எழுதற பழக்கம், தப்புன்னே தோணல. கூப்பிட்டு உக்கார வச்சு விசாரிச்சாங்க, அந்த அசைன்மென்ட்டுக்கு சைபர். வீட்டுக்கு சொல்லல. பஸ்ல அழுதுட்டே வந்தேன். அதுக்கப்புறம் காலேஜ் ரைட்டிங் சென்டர்ல போய் உக்கார ஆரம்பிச்சேன், காசு கிடையாது, அப்பாயின்ட்மென்ட் போட்டா ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து உன் பேப்பர உன் கூடவே படிப்பாங்க. அத முதல் வாரத்துலயே போய் கேளு, மார்க் கொறஞ்சதுக்கப்புறம் போகாத. ஏஐ வச்சு எழுதலாமான்னு நீ கேக்கல, ஆனா கேப்ப. ஒவ்வொரு வாத்தியாரும் ஒவ்வொரு ரூல் வச்சிருப்பாங்க, சிலபஸ்ல போட்டிருக்கும், அத படிச்சிட்டுத் தொடு.

இப்ப முக்கியமான ஒண்ணு. கோர்ஸ் முடியறப்ப ஒரு ஆஸ்பத்திரில ப்ளேஸ்மென்ட், அதாவது படிப்போட சேர்ந்த வேலைப் பயிற்சி, கம்யூனிகேஷன் டிபார்ட்மென்ட்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிங்களுக்குக் குடுக்கற தாள் ஒண்ணு, இங்கிலீஷ்ல 'மிட்நைட்ல இருந்து ஃபாஸ்ட் பண்ணவும்'னு இருந்தத தமிழ்ல யாரோ 'நள்ளிரவு முதல் விரதம் இருக்கவும்'னு போட்டிருந்தாங்க. யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருத்தங்க, எழுபது வயசுக்கு மேல, காலைல பேரன் கூட வந்திருக்காங்க, நர்ஸ் கேட்டா, பாலும் ரெண்டு வாழைப்பழமும் சாப்பிட்டேன்னு சொல்றாங்க. விரதம்னா பால் பழம் சாப்பிடலாம்தானே, அவங்க கந்த சஷ்டிக்கு அப்படித்தான் இருப்பாங்க. ஆபரேஷன தள்ளி வச்சிட்டாங்க. அவங்க கைல அந்தத் தாள நாலா மடிச்சு பத்திரமா வச்சிருந்தாங்க, இதுல சொன்னபடிதான செஞ்சேன்னு என்னையே பார்த்தாங்க, அந்த மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல. அவங்க ஒரு தப்பும் பண்ணல, தப்பு அந்த ஒரு வார்த்தைல.

அத திருத்தி எழுத எங்கிட்ட குடுத்தாங்க. 'ராத்திரி 12 மணிக்கு மேல எதுவும் சாப்பிடாதீங்க. பால், டீ, பழம் எதுவும் வேண்டாம்'னு எழுதி, தண்ணியும் மாத்திரையும் டாக்டர கேட்டு தனி வரியா போட்டு, அதோட விடல, வெய்ட்டிங் ஹால்ல இருந்த நாலு பெரியவங்க கிட்ட குடுத்து படிக்கச் சொல்லிட்டு, "நாளைக்குக் காலைல எந்திரிச்சு என்ன செய்வீங்க?"ன்னு கேட்டேன். புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க, என்ன செய்வீங்கன்னு கேட்டாதான் தெரியும். எனக்கு வேலை கிடைச்சது அந்த ஒரு பக்கத்தாலதான். இன்னைக்கு வரைக்கும் அதான் என் வேலை.

உனக்கு எங்கிட்ட இல்லாத ஒண்ணு இருக்கு. காலேஜ்ல ஃப்ரெஞ்ச் ரெண்டாவது மொழியா எடுத்தேன்னு எழுதியிருந்த, தயவு செஞ்சு அத விட்டுடாத. கனடால 1969ல இருந்து இங்கிலீஷும் ஃப்ரெஞ்சும் சட்டப்படி ஆட்சி மொழி, ஃபெடரல் கவர்மென்ட் ஒரு நோட்டீஸ் போட்டாலும் ரெண்டு மொழிலயும் வரணும், அதனால கம்யூனிகேஷன்ல ரெண்டும் தெரிஞ்ச ஆளுக்கு இருக்கற மதிப்பே வேற. பிஆர்-க்கும், அதாவது அங்கயே நிரந்தரமா தங்கற அனுமதிக்கும், 2023ல இருந்து எக்ஸ்ப்ரஸ் என்ட்ரிங்கற முறைல ஃப்ரெஞ்ச் தெரிஞ்சவங்களுக்குன்னு தனியா கூப்பிடறாங்க. அல்லியான்ஸ் ஃப்ரான்ஸேஸ் உன் வீட்ல இருந்து எவ்ளோ தூரம், சைக்கிள்லயே போயிடலாம். கெளம்பறதுக்குள்ள ஒரு லெவலாவது ஏறிடு.

குளிரு, சாப்பாடு, ரூம் இதெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க, பழகிடும். ஸ்கார்பரோ பக்கம் இருந்தா தமிழ்க் கடை நெறைய, இட்லி மாவு கூட கிடைக்கும். செமஸ்டர் நடக்கும்போது வெளில வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனா மொத செமஸ்டர்ல அவ்ளோ நேரமும் பார்க்காத, எழுதறதுக்கு தூங்கின மூள வேணும். ஒரு பக்கத்த நாலு தடவ திருத்தி எழுதணும், கடைல எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து ராத்திரி 1 மணிக்கு அது நடக்காது, நான் செஞ்சு பார்த்தேன்.

நான் இந்த மாசம் 28 வரைக்கும் ஊர்லதான் இருக்கேன். சிஐபி நம்பர் வந்ததும் எனக்கு சொல்லு. உன் எஸ்ஓபி, அதான் ஏன் இந்தப் படிப்புன்னு நீ எழுதற கடுதாசி, ரெடியா இருந்தா சனிக்கிழமை பாண்டில பஸ் ஏறி அம்மாவையும் கூட்டிட்டு வா, பிரின்ட் எடுத்துட்டு வா, வரிக்கு வரி இடம் விட்டு, ஓரத்துலயும் எழுத இடம் இருக்கணும். செவப்பு பேனா நான் வச்சிருக்கேன்.