போரில் வன்புணர்வால் பிறந்த பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும் எது உண்மையில் உதவும்?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: பிள்ளையை நல்ல குடும்பமாகப் பார்த்துத் தத்துக் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதிதானே என்று. நான் இந்தத் துறை ஆள் இல்லை, வணிகவியல் வாத்தியார். 2014 முதல் மூன்று வருடம் ருவாண்டாவில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தேன். அங்கே ஒரு மாணவியிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டேன், அதற்கப்புறம்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

தேர்வுக்கு முந்தின வாரம். கட்டணம் பாக்கி உள்ளவர்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள், அதில் அவள் பெயரும் இருந்தது. அவளுடைய அக்கா அதே கல்லூரியில் 1994இல் ஹூட்டுத் தீவிரவாதிகள் துட்சி இனத்தவரைக் கொன்று குவித்த இனப்படுகொலையில் தப்பியவர்களுக்கான அரசு நிதியில் படித்து முடித்தவள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நாற்பது பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில், "அக்காவுக்குக் கிடைத்த நிதிக்கு நீயும் எழுதிப் போட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "எனக்கு அது வராது சார்" என்றாள். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. மதியம் அலுவலகத்தில் ஒரு சக ஆசிரியர் அவளுடைய சேர்க்கைப் படிவத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல் இரண்டு இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். பிறந்தது மார்ச் 1995. தந்தை பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. அக்காவின் அப்பா 1994 ஏப்ரலில், கொலைகள் தொடங்கிய முதல் வாரத்திலேயே வெட்டப்பட்டவர்.

அந்த நிதியின் கதை இது. 1998இல் அரசு தொடங்கிய நிதி, பட்ஜெட்டில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்கினார்கள், பல்லாயிரம் பிள்ளைகள் அதில் படித்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1990 அக்டோபர் 1 முதல் 1994 டிசம்பர் 31 வரை நடந்ததில் தப்பியவர்களுக்குத்தான் அது. நூறு நாள் கொலைகளின்போது கருவான பிள்ளைகள் பெரும்பாலும் பிறந்தது 1995இல். அதாவது தேதிக்குள் தாய் வருவாள், பிள்ளை வராது. இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பெண்கள் வரை வன்புணரப்பட்டிருக்கலாம் என்று 1996இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கணக்கிட்டார். பிறந்த பிள்ளைகள் 2,000 முதல் 5,000 என்று அப்போது சொன்னார்கள், உண்மையில் அதைவிட அதிகம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். இத்தனை பேரை ஒரு தேதி வெளியே நிறுத்திவிட்டது.

அந்த ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அர்த்தத்தோடு தனிப் பெயர் வைப்பார்கள். இந்தப் பிள்ளைகள் சிலருக்கு 'அழையாமல் நுழைந்தவன்', 'என்ன செய்வதென்று தெரியவில்லை' என்றெல்லாம் பொருள் வரும் பெயர்களை அம்மாக்கள் வைத்தார்கள். தப்பிப் பிழைத்த மாமன்மார் இந்தப் பிள்ளையைக் கொலைகாரன் ரத்தம் என்றார்கள், அப்பன் வீட்டார் துட்சிப் பெண் பெற்றது என்று ஒதுக்கினார்கள். நிலம் இரண்டு பக்கமும் இல்லை. இதற்கு மேல் பல பெண்களுக்கு எச்ஐவி. தான்சானியாவின் அருஷாவில், இந்தக் கொலைகளை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் காவலில் இருந்த ஆட்களுக்கு மருந்து கிடைத்துக்கொண்டிருந்த வருடங்களில், அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன பெண்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, எது உதவியது? அந்த மாணவி படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு அவளாகவே எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். "சின்ன வயதில் அம்மா என்னை மட்டும் அடிப்பாள். செவ்வாய்க்கிழமை ஒரு பெண்கள் குழுவுக்குப் போவாள். போய்விட்டு வந்த அன்று அடிக்க மாட்டாள். அதனால் எனக்குச் செவ்வாய்க்கிழமை பிடிக்கும்." குழுவில் என்ன பேசினார்கள் என்று அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. தன்னைப் போலவே பெற்ற பத்துப் பதினைந்து பெண்கள், பீன்ஸ் உரித்துக்கொண்டோ கூடை முடைந்துகொண்டோ பேசுவார்களாம். ஒரு நாள் அந்தச் செவ்வாய் புதனுக்கும் நீண்டது, அப்புறம் வாரம் முழுக்க நீண்டது என்று எழுதியிருந்தாள்.

இப்படிக் குழுக்களைக் கட்டியவர்களில் கோடலீவ் முகசரசி என்ற பெண்மணியைச் சொல்ல வேண்டும். தபா என்ற ஊரில் 1994 டிசம்பரிலேயே செவோட்டா என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த ஊர்த் தலைவர் அகாயேசு மீது அருஷாவில் நடந்த வழக்கில் பெண்கள் சாட்சி சொல்லத் துணை நின்றார். அவருடைய கணவரும் மகளும் 1996இல் கொல்லப்பட்டார்கள், அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. முதல் குற்றப்பத்திரிகையில் வன்புணர்வு என்ற வார்த்தையே இல்லை, சாட்சிகளின் வாயிலிருந்து வந்த பிறகுதான் சேர்த்தார்கள். 1998 செப்டம்பர் 2இல் வன்புணர்வும் இனப்படுகொலைக் குற்றமாக முடியும் என்று முதன்முதலாக ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெயர்.

தத்து விஷயத்துக்கு வருகிறேன். தாய் தானாகவே முடியாது என்று சொன்னால் அது அவள் உரிமை, கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் அதையே கொள்கையாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1971 விடுதலைப் போரில் பெண்கள் வன்புணரப்பட்ட வங்கதேசம் இருக்கிறது. தத்துக் கொடுப்பதற்கென்றே 1972இல் தனி ஆணை போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், ஜூலையில் 15 குழந்தைகள் கனடா போனார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தது, அது நல்லதுதான். வங்கதேசத்திலேயே இருந்த அம்மாக்களுக்கோ வீராங்கனை என்று பட்டம் கொடுத்தார்கள், ஊரில் அதுவே வசைச்சொல்லாகிப் போனது. விடுதலைப் போராளி என்ற தகுதியும் உதவித்தொகையும் கிடைக்க 2015 ஆனது. குழந்தை கண்ணிலிருந்து மறைந்ததும் தாயையும் மறந்துவிடுகிறார்கள்.

அதனால் என் பதில், முதலில் தாய்க்கு மருந்து, கூடிப் பேச ஒரு குழு, கைக்கு ஒரு வருமானம். ஆனால் பிள்ளையின் படிப்புச் செலவு பிள்ளையின் பெயரில் தனியாக வர வேண்டும், அம்மாவுக்கு நடந்ததைப் பிள்ளை நாலு பேர் முன்னால் நிரூபிக்காமலே வர வேண்டும். ருவாண்டாவில் பின்னால் தனியார் நன்கொடையில் 800க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபோது, கட்டணத்தோடு அம்மாக்களுக்கு ஆலோசனையையும் சேர்த்தே வைத்தார்கள், அது சரியான வழி. போஸ்னியாவில் 1990களின் போரில் இப்படிப் பிறந்த பிள்ளைகளே வளர்ந்து 2015இல் சரயேவோவில் சங்கம் வைத்தார்கள். 2022இல் பிர்ச்கோ மாவட்டமும் 2023இல் அந்த நாட்டின் ஒரு பகுதியான போஸ்னியக் கூட்டமைப்பும் அவர்களைப் போரின் பாதிப்புக்கு உள்ளானவர்களாகச் சட்டத்திலேயே எழுதின. படிவங்களில் அப்பா பெயர் கேட்பதையும் அவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தை ஆயுசு முழுக்கச் சுமக்கும் நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

பணம் அனுப்ப நினைப்பவர்கள், அந்த அமைப்பு தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் படத்தைப் போட்டு நன்கொடை கேட்கிறதா என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்குத் தாங்கள் பிறந்த விதமே தெரியாது. அதை எப்போது, எப்படிச் சொல்வது என்பது அந்த அம்மாவின் முடிவு, ஒரு போஸ்டர் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

நான் இப்போது திருநெல்வேலியில் இருக்கிறேன். சேர்க்கை நாளில் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக வந்தால், நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.