கேள்வி – பதில்: காயலான் கடை டர்போவும் சிட்டி விடெக்கும்

கேள்வி: அண்ணா, என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது, எஞ்சின் நல்ல கண்டிஷன். 200 பிஎச்பி வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நண்பர் ஒருவர் காரெட் ஜிடி2860ஆர்எஸ் டர்போ வைத்திருக்கிறார், சல்லிசாகத் தருகிறேன் என்கிறார். புதுப்பேட்டையில் ஸ்கார்பியோ எம்ஹாக் டர்போ ஒன்று அதிலும் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. தினமும் ஆபீசுக்கு இந்தக் காரில்தான் போகிறேன். எதை வாங்கலாம்?
– தாம்பரம் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. ஒற்றை வார்த்தையில் முடித்தால் அடுத்த மாதம் வேறு ஒரு டர்போவின் போட்டோவோடு எழுதுவாய், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடலாம்.

டர்போ என்பது காற்று பம்ப், அவ்வளவுதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு பக்கம் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்றும், அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும். அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். எந்த பம்ப் வாங்குவது என்பதற்கு முன்னால் எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரிய வேண்டும். பூஸ்டில் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிப் பாதுகாப்பாக ஓட்டும் எஞ்சினில், நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று உள்ளே போனால் ஏறத்தாழ 20 பிஎச்பி கிடைக்கும். உன் 1493 சிசி எஞ்சின் 6500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3250 தடவை முழு மூச்சு இழுக்கிறது, நாலு ஸ்ட்ரோக் என்பதால் பாதிதான். அரை பார் பூஸ்ட், அதாவது 7 பிஎஸ்ஐ சொச்சம், அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 50 டிகிரி என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 7 கிலோ உள்ளே போகும். ஆக 140 பிஎச்பி. கம்பெனியிலிருந்து வந்தது 106. 200 வேண்டுமென்றால் 10 கிலோ வேண்டும், அதற்கு பூஸ்ட் 1.1 பாரைத் தொட வேண்டும். இருபது வயது தாண்டிய எஞ்சினில், கம்பெனி பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் நம்பி நான் அந்த பூஸ்ட் வைக்க மாட்டேன். ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன், ராட் போட்டு எஞ்சினைத் திரும்பக் கட்டுவதாக இருந்தால் 200 பற்றிப் பேசலாம். இல்லையென்றால் 140. அதுவே இப்போது இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம், அந்த எடை குறைந்த காருக்குத் தாராளம்.

இப்போது நண்பரின் டர்போ. ஜிடி2860 என்பதில் கடைசி 60 கம்ப்ரஸர் வீலின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். 250 முதல் 360 பிஎச்பி வரை, 1.8 முதல் 3 லிட்டர் எஞ்சின் வரை என்று செய்த கம்பெனியே போட்டிருக்கிறது. உன் தேவை 140, எஞ்சின் 1.5. அரை பார் பூஸ்ட் முழுதாக ஏறியிருந்தால்கூட 3000 ஆர்பிஎம்மில் உன் எஞ்சின் நிமிடத்துக்கு மூன்றேகால் கிலோதான் இழுக்கும். அந்தச் சின்னப் புகை அவ்வளவு பெரிய டர்பைனை எங்கே சுற்றப்போகிறது? ஜிஎஸ்டி ரோட்டில் நீ ஓட்டுவது 2000-க்கும் 3500-க்கும் நடுவில். பல்லாவரம் பாலம் ஏறும்போது பூஸ்ட் வராது, வருகிற நேரத்தில் முன்னால் ஒரு எம்டிசி பஸ் நிற்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். முன்பு என்னிடம் ஒரு மாருதி எஸ்டீம் இருந்தது. ஆள் கேட்டால் பெயர் சொல்கிற மாதிரி ஒரு டர்போ இருக்கட்டும் என்று 1.3 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டு சைஸ் பெரியதாக மாட்டினேன். பூஸ்ட் எட்டிப் பார்க்கவே 4500 ஆனது, அதற்குப் பிறகு 2000 ஆர்பிஎம்தான் மிச்சம், கியர் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. ஊருக்குள் பழைய எஸ்டீமைவிட மந்தமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. போதாக்குறைக்கு, மாட்டித் தந்த பட்டறையில் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வரும் ஹோஸை இடம் இல்லை என்று ஒரு வளைவு மேலே ஏற்றி சம்ப்புக்கு, அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, இறக்கியிருந்தார்கள். அந்த ஆயில் பிரஷரில் வருவதில்லை, தன் எடையில் நுரையும் குமிழியுமாக வழிந்து இறங்குகிறது. வழியில் ஒரு மேடு இருந்தால் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீல் வழியாக சைலன்சருக்குப் போய்விடும். அவிநாசி ரோடு சிக்னலில் நீலப்புகை விட்டுக்கொண்டு நின்றபோது பக்கத்து டவுன் பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "கார்ப்பரேஷன் கொசு மருந்து வண்டிங்களா?" என்று கேட்டார். சீல் போய்விட்டது என்று டர்போவைக் கழற்றி இரண்டு தடவை செலவு செய்த பிறகுதான் ஹோஸைப் பார்த்தோம். நேராக, அகலமாக, இறக்கமாக வை. சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும்.

புதுப்பேட்டை டர்போவின் பிரச்சினை சைஸ் மட்டும் இல்லை. ஸ்கார்பியோ எம்ஹாக் டீசல், அதன் டர்போ விஜிடி வகை, டர்பைனைச் சுற்றிலும் அசையும் இதழ்கள் இருக்கும். டீசல் புகையின் சூடு பொதுவாக 800 டிகிரியை ஒட்டி நின்றுவிடும், பெட்ரோலில் பூஸ்டோடு மிதித்தால் 950-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் இதழ்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், ஹவுசிங் விரிசல் விடும். பெட்ரோலில் விஜிடி முடியாது என்று இல்லை, 2006-ல் போர்ஷே 911 டர்போவில் போட்டார்கள், ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் தனி உலோகக் கலவையில் செய்து போட்டார்கள். காயலான் கடையில் அது கிடைக்காது.

சரி, எதைத்தான் வாங்குவது? ஜிடி2554ஆர் சைஸ் பார். 54 மில்லிமீட்டர் வீல், 170 முதல் 270 பிஎச்பி, 1.4 முதல் 2.2 லிட்டர் வரை என்று போட்டிருப்பார்கள். உனக்கு இப்போது அதுவே சற்றுப் பெரியது, பின்னால் எஞ்சின் கட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் அதற்குப் போ. எண்ணம் இல்லையென்றால் பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போவில் வந்த கேகேகே கே03 வகை போதும். அந்தக் காரில் கம்பெனியே அதிலிருந்து 150 எடுத்தது, உன் 140-க்குக் கச்சிதம். மேலே 6000-க்குப் பிறகு மூச்சு வாங்கும்தான், ஆனால் ஆபீஸ் போகிற வழியில் 6000-க்கு மேலே உனக்கு என்ன வேலை?

பழையது வாங்கினால் கம்ப்ரஸர் பக்கம் விரலை விட்டு ஷாஃப்ட்டை ஆட்டிப் பார். பக்கவாட்டில் லேசான ஆட்டம் புஷ் பேரிங் டர்போவில் சகஜம், ஆயில் ஏறினால் சரியாகிவிடும். ஆனால் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தாலோ, இறக்கையின் நுனி ஹவுசிங்கில் உரசிய பளபளப்பு தெரிந்தாலோ கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடு.

ஏ/ஆர் என்று ஒரு எண் சொல்வார்கள், நண்பரின் டர்போவில் 0.64, 0.86 என்று இரண்டு டர்பைன் ஹவுசிங் உண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்துகிறோமே, அதுதான். எண் சின்னதாக இருந்தால் புகை வேகமாகப் பீய்ச்சும், பூஸ்ட் சீக்கிரம் வரும், மேலே போகப்போக அடைக்கும். பெரியதில் நேர் எதிர். ரோட்டுக்குச் சின்ன எண்.

இன்டர்கூலர் இல்லாமல் ஆரம்பிக்காதே. சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்றை அரை பாருக்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனில் வேலை செய்யும் நல்ல டர்போவிலேயே 105 டிகிரியை ஒட்டி வெளியே வரும். அளவு பொருந்தாமல் 60 சதவீதத்தில் ஓடினால் 115. நாக் அடித்து, அதாவது சூட்டில் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து, பிஸ்டன் விளிம்பு உடைவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. 95 ஆக்டேன் பெட்ரோல் போடு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும், அதனால் இன்ஜெக்டர், ஃப்யூயல் பம்ப், பழைய ரப்பர் ஹோஸ்கள் மூன்றையும் பார்த்துவிடு. மேப்பிங் செய்கிறவர், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் கணக்கை மாற்றி எழுதுகிறவர், காற்று-பெட்ரோல் விகிதத்தைப் புகையில் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டாமல் காதால் கேட்டே சரி செய்கிறேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடு.

கேள்வி: என் ஸ்விஃப்ட் டீசல் 75 பிஎஸ். இதே 1.3 எஞ்சின் வேறு கார்களில் 90 பிஎஸ் விஜிடி டர்போவோடு வருகிறதே, அதைக் கழற்றி இதில் மாட்டினால் 90 ஆகிவிடுமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: மாட்டலாம், ஆகாது. உங்கள் டர்போவில் வேஸ்ட்கேட், அதாவது மிச்சப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு, தானாகத் திறந்து மூடுகிறது. விஜிடியின் இதழ்களை எப்போது எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) சொல்ல வேண்டும், உங்கள் ஈசியூவில் அந்தப் பாடமே இல்லை. வயரிங், வேக்குவம் லைன், ஈசியூ எல்லாவற்றையும் மாற்றுகிற செலவுக்கு, காரை விற்றுவிட்டு 90 பிஎஸ் காரே பழையதில் வாங்கலாம். இருக்கிற டர்போவோடு நல்ல இடத்தில் ரீமேப் செய்தாலே நீங்கள் தேடுகிற பிக்கப் வந்துவிடும்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன், டர்போ பெட்ரோல் காரான ஃபியட் லினியா டி-ஜெட் ஓட்டுகிறேன். டர்போ இல்லாத நண்பர்களின் கார் மலை ஏறினால் திணறுகிறது, என்னுடையது அவ்வளவாக இல்லை. அப்படியானால் மலையில் இருப்பவர்கள் பெரிய டர்போ போடுவது நல்லதா?
– ஊட்டி வாசகர்

பதில்: நல்ல கேள்வி சார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் அங்கே 0.77 பார்தான். டர்போ இல்லாத எஞ்சின் கால்வாசிக்கு நெருக்கமாகச் சக்தி இழக்கும். உங்கள் டர்போ அதை ஈடுகட்ட வேகமாகச் சுற்றுகிறது. சென்னையில் எஞ்சினுக்குள் 1.5 பார் (வெளிக்காற்று ஒரு பார், பூஸ்ட் அரை பார்) கொடுக்க, ஃபில்டரிலும் இன்டர்கூலரிலும் இழப்பதையும் சேர்த்தால், காற்றை 1.6 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 1.5-க்கு இரண்டு மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். ஆகவே கம்பெனி டர்போவை எல்லை வரை ரீமேப் செய்துவிட்டு மலையில் ஓட்டினால் டர்போ அதிவேகத்தில் சுற்றிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். உங்கள் ஊரில் ஒரு சைஸ் கூட்டிப் போட நியாயம் இருக்கிறது, ஆனால் ஒன்றே ஒன்று. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திரும்பி வரும்போது பூஸ்ட் உடனே வேண்டும், பெரியது போட்டால் அடுத்த வளைவில்தான் வரும். மேலே ஏறி முடித்ததும் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள், ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் ஆயில் பேரிங்கிலேயே கருகிப் படியும்.

கேள்வி: போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐக்குப் பெரிய டர்போ கிட் வாங்கலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: கியர்பாக்ஸைக் கேட்டீர்களா? அதில் இருக்கும் 7 ஸ்பீட் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு, அதாவது அவ்வளவு சுழற்றும் விசைக்கு, செய்தது. காரின் டார்க் 175. ரீமேப்பிலேயே அந்த இடைவெளியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கிட் வாங்கும் பணத்தில் பாதியை கிளட்சுக்கு எடுத்து வைக்க முடியும் என்றால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டர்போ மாட்டினால் ஆர்டிஓ பிரச்சினை வருமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அதைவிட நான் பயப்படுவது இன்ஷூரன்ஸுக்கு, விபத்து நடந்தால் கிளெய்மை மறுக்க இதைவிட நல்ல காரணம் அவர்களுக்குக் கிடைக்காது. டர்போ போட்ட காரை நிம்மதியாக மிதிக்க இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கும், கோவைக்காரர்களுக்குச் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. மேலே தாம்பரம் தம்பியும் இதைப் படித்துக்கொள்ளவும்.

கேள்வி: ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கு எலெக்ட்ரிக் டர்போ விற்கிறார்கள், ஏர் ஃபில்டர் பைப்பில் மாட்டினால் போதுமாம். வேலை செய்யுமா?
– விருதுநகர் வாசகர்

பதில்: முதல் கேள்வியில் பார்த்த, நிமிடத்துக்கு 7 கிலோ காற்றை அரை பாருக்கு அழுத்த 7 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது 600 ஆம்பியரைத் தாண்டும், உங்கள் ஆல்டர்னேட்டர் முக்கி முனகினாலும் 70, 80 தரும். ஆடி 2016-ல் எஸ்க்யூ7 காரில் நிஜமான எலெக்ட்ரிக் கம்ப்ரஸர் வைத்தபோது அதற்கென்றே தனியாக 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தார்கள். நீங்கள் பார்த்தது கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற ஃபேனின் பெரியப்பா மகன். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், எஞ்சின் இழுக்கிற காற்றுக்கு நடுவில் குறுக்கே நின்று அடைப்பதோடு, பிளாஸ்டிக் இறக்கை உடைந்தால் நேராக எஞ்சினுக்குள் போய்விடும்.