மஞ்சளாக மின்னும் பழைய நாணயம் தங்கமா, பித்தளையா? எப்படிச் சுத்தம் செய்வது?

உரசிப் பார்க்காதீர்கள், கீறல் விழுந்தால் சேகரிப்பாளர் தரும் விலை இறங்கிவிடும். அடர்த்தியை அளப்பதே நல்லது. நாணயத்தை எடை போடுங்கள். பிறகு 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முக்குங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால், 22 காரட் தங்கத்துக்கு 17.7 அருகில் வரும். பித்தளைக்கும் முலாம் பூசிய செம்புக்கும் 8 முதல் 9 தான். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி விடையைக் குறைத்துக் காட்டும், கவனம்.

அமிலம், பற்பசை, பாலிஷ் எதுவும் வேண்டாம். பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சையாகப் பிசுபிசுத்தால், நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் கலப்பற்ற அசிட்டோன் என்ற கரைப்பானில் சில நிமிடம் ஊறவைத்து ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.