புதர் என்று வெட்டாதீர்கள்: காசா மரம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் அய்யனார் கோயில் காட்டில் கரும்பச்சை இலையுடன் ஒரு குட்டை மரம் நிறைய இருக்கிறது. அதன் கறுத்த பழங்களைப் பிள்ளைகள் தின்கிறார்கள். தின்னலாமா? (வாசகி, திண்டிவனம்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது காசா. சிலர் காசான் என்பார்கள். எதிரெதிராக அமைந்த தடித்த இலை, பழத்தின் உச்சியில் வட்டமாக ஒரு சிறு விளிம்பு. அடையாளத்துக்கு இவை போதும். நன்றாகக் கறுத்த பழத்தைத் தின்னலாம். துவர்க்கும், நாக்கு ஊதாவாகிவிடும். பக்கத்துச் செடியின் பழத்தையும் சேர்த்து வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலிலும் இது எப்படிப் பச்சையாகவே நிற்கிறது?

பதில்: சோழமண்டலக் கரையோரக் காட்டுக்கே உள்ள குணம் இது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைதான் பெரும் வரவு; பிறகு பல மாதம் வறட்சி. இங்குள்ள பல மரங்கள் இலையை உதிர்த்துத் தப்பிப்பதில்லை. தோல்போலத் தடித்த இலையால் நீரிழப்பைக் குறைத்துக்கொள்கின்றன. இத்தகைய காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்கிறோம். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். காசா அங்கே கூட்டமாக நிற்கும்.

கேள்வி: குடமுழுக்குக்காகக் கோயில் காட்டைச் சுத்தம் செய்கிறோம். பெரிய மரங்களை விட்டுவிட்டு அடியில் உள்ள புதரை மட்டும் எடுக்கலாம் என்கிறது விழாக்குழு. தவறா?

பதில்: தவறுதான். அந்தப் ‘புதரில்’ பாதி காசாவாக இருக்கும். ஆளுயரத்தில் நிற்பதாலேயே அது இளஞ்செடி என்று எண்ணிவிடாதீர்கள். மெதுவாக வளரும் மரம், உங்கள் தாத்தா காலத்ததாகக்கூட இருக்கலாம். அதன் நிழலில்தான் மண் ஈரம் காக்கிறது, சருகு மக்குகிறது. வீரை, பாலை போன்ற பெரிய மரங்கள் கன்றாக இருக்கும்போது வெயில் படாமல் ஒதுங்குவதும் அங்கேதான். பழத்துக்குச் சின்னானும் குயிலும் மைனாவும் வரும். வரும் பறவை வெறும் வயிற்றோடு வருவதில்லை. வேறெங்கோ தின்ற பழங்களின் விதையையும் எச்சத்தோடு இங்கே போட்டுவிட்டுப் போகும். காடு தன்னைத் தானே நட்டுக்கொள்வது இப்படித்தான். அடிக்காட்டை வழித்தெடுத்தால் பெரிய மரங்கள் சில காலம் நிற்கும், ஆனால் அவற்றுக்கு வாரிசு இருக்காது. வெயில் விழுந்த இடத்தில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் குடியேறும். சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் அதுவும் முளைக்காது!

பாதையையும் பொங்கல் வைக்கும் இடத்தையும் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குங்கள், அதற்கு என் முழு ஆதரவு உண்டு. ஏற்கெனவே காசாவை வெட்டியிருந்தால் அடிக்கட்டையைத் தோண்டாமல் விடுங்கள், துளிர்க்கும்.

கேள்வி: காசாவின் நீலப்பூவில் கருவண்டு ஒன்று உட்கார்ந்து ‘விர்’ரென்று ஒலி எழுப்புகிறது. ஏன்?

பதில்: நீங்கள் பார்த்தது மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய தேனீயாக இருக்கும். காசாவின் மகரந்தப்பை முழுவதுமாகத் திறப்பதில்லை. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தால் மகரந்தம் உதிரும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. எனவே காட்டுத் தேனீக்கள் கூடு கட்டும் பட்டமரங்களையும் விறகுக்கு எடுக்காமல் விடுவது நல்லது. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறார்களே, அந்தப் பூ இதுதான்.

கேள்வி: இலையில் சாயம் எடுக்கலாமா?

பதில்: இலையிலிருந்து மஞ்சள் சாயம் கிடைக்கும். ஆனால் பெரிய பயன் வேறு. காசா மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. படிகாரத்தைப்போல அது நிறத்தைத் துணியில் பிடித்து நிறுத்தும். சாயவேர் என்னும் செடியின் வேரால் துணிக்குச் சிவப்பு ஏற்றியவர்கள் இந்த இலையையும் சேர்த்தார்கள்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

பதில்: முடியும், பொறுமை இருந்தால். கறுத்த பழத்தின் சதையை நீக்கி, காயவைத்துச் சேமிக்காமல் உடனே விதையுங்கள். முதல் சில ஆண்டுகள் அரைநிழல் வேண்டும். கோயில் காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வர வேண்டாம்.